சிப்பாய் ஹிட்சையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்னாப்பிரிக்காவில் 1879-இல் பிரிட்டிஷ் படைக்கும் ஜூலு வீரர்களுக்கும் நடந்த ரோர்க்ஸ் டிரிஃப்ட் சண்டை பற்றிய உங்கள் கட்டுரை அதிகாரிகளோடு நின்றுவிட்டது. அந்தச் சண்டைக்காக பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் வாங்கிய 11 பேரில் ஃபிரெடரிக் ஹிட்ச் சாதாரணச் சிப்பாய். தோள்பட்டை எலும்பு குண்டு பட்டு நொறுங்கிய பிறகும், துப்பாக்கி பிடிக்க முடியாத நிலையில், இரவில் மற்றவர்களுக்குத் தோட்டா எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நெட்லி ராணுவ மருத்துவமனையில் விக்டோரியா மகாராணியே பதக்கம் அணிவித்தார்.

சரி, அப்புறம்? ஆண்டுக்கு 10 பவுண்டு ஓய்வூதியம். அதை வைத்து என்ன செய்வது? பதக்கமும் திருட்டுப் போனது. லண்டனில் வாடகை வண்டி ஓட்டிப் பிழைத்தார். 1913-இல் இறந்தபோது டாக்ஸி ஓட்டுநர்கள் பெருங்கூட்டமாகத் திரண்டு வந்து வழியனுப்பினார்கள். தளபதிகளைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. அடுத்த முறை இவருக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள்.

– வாசகர், திருச்சி