மண்டபத்துக் காவலர் அண்ணனுக்கும் ஊராருக்கும் நன்றி

ஆனைமலை வட்டாரத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

அந்த ஐப்பசி மழை வாரம் எப்படிப் போனது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி விவரிக்க எனக்குத் தெம்பில்லை. கடைசி மூட்டையும் எடை போட்டு லாரி ஏறிவிட்டது. நெஞ்சில் இருக்கும் சூடு ஆறுவதற்குள், எங்கள் கோகோ விவசாயிகள் குழுவின் சார்பில் இதை எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி கல்யாண மண்டபத்துக் காவலர் அண்ணனுக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊருக்குள் ஒரே மண்டபம்தான். பெயர் போடாவிட்டால் மட்டும் யாருக்குத் தெரியாமல் போகும்?

கோகோ போடாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். பெட்டியில் வாழையிலையும் சாக்கும் மூடி, இடையிடையே கிளறிவிட்டு, ஆறு நாள் புளிக்கவைத்த கொட்டை நம் வசதிக்காகக் காத்திருக்காது. கை வைத்தால் சுடும். எடுத்தவுடன் காயப்போட்டாக வேண்டும். தாமதித்தால் தோலுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு எந்த வியாபாரியும் திரும்பிப் பார்க்கமாட்டார். களமெல்லாம் தண்ணீர். கொப்பரை போடும் புகைக்கூண்டில் காயவைக்கலாமே என்று சிலர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். கோகோவில் புகைவாடை ஏறினால் சாக்லேட் வரைக்கும் போகும் என்பதால் அதற்கும் வழியில்லை.

தார்ப்பாய் மூடிய டிராக்டரை மண்டபத்து வாசலோரம் ஒதுக்கிவிட்டு நின்றோம். நாங்கள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அண்ணன் குடையோடு வெளியே வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். "சாப்பாட்டுக் கூடம் சும்மாதான் கிடக்கிறது. மேலே வரிசையாக மின்விசிறி இருக்கிறது. உள்ளே கொண்டுவா அம்மணி" என்றார். அவ்வளவுதான் பேச்சு. பந்தி மேசைகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்து, தரையைக் கழுவித் துடைத்து, அத்தனை விசிறிகளையும் போட்டுவிட்டார். தண்ணீர் தள்ளும் ரப்பர் கட்டையைத் தேய்த்துக் கழுவி எடுத்து வந்து, உழவு சால் போல வரிவரியாகக் கொட்டையைக் கோதினார். எங்கள் வீட்டுப் பெண்கள் அசதியில் தூணோரம் கண் அசந்துவிட்டார்கள். அவர் விடிய விடியக் கோதிக்கொண்டே இருந்தார். வெயில் தலைகாட்டும் வரை அந்தக் கூடம்தான் எங்கள் களம்.

அடுத்த முகூர்த்தத்துக்கு வந்த சம்பந்தி வீட்டார், புளித்த காடி வாடை தாங்காமல், "இங்கே ஊறுகாய் போடுகிறீர்களா?" என்று கேட்டார்களாம். அந்தக் குடும்பத்தாரிடம் இந்த மடல் வழியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன் ஒரு காசு வாங்கவில்லை. "மின்கட்டணத்தை மட்டும் முதலாளியிடம் நீங்களே பேசிவிடுங்கள்" என்றார். முதலாளியும் மீட்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டு, அதை மட்டும் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. தருமம் என்று விட்டிருந்தால், இன்னொரு முறை அந்தப் படியேற எங்களுக்குக் கூசும்.

நள்ளிரவில் டிராக்டர் எடுத்து வந்த தம்பிக்கும், சாக்கு கொடுத்த கொப்பரை வியாபாரிகளுக்கும், தேநீரோடு இட்லியும் அனுப்பிய கடைக்கார அக்காவுக்கும், பள்ளி விட்டதும் ஓடிவந்து ஒட்டிய கொட்டைகளைப் பிரித்துப் போட்ட பிள்ளைகளுக்கும், பயிற்சியில் சொன்னதைத் தொலைபேசியில் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொன்ன தோட்டக்கலைத் துறையினருக்கும் எங்கள் நன்றி. விட்டுப்போனவர்கள் உரிமையோடு சண்டைக்கு வாருங்கள்.

கோகோவை வெட்டிவிடச் சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் விளைச்சல் சரிந்து, 2024-ல் உலகச் சந்தையில் டன் 10,000 டாலரைத் தாண்டியபோது, நாற்று கிடைக்குமா என்று எங்கள் தோப்புகளைத் தேடி வந்தவர்கள் நீங்கள்தான். விலை இறங்கியதும் பேச்சு மாறிவிட்டது. 1980-களில் விலை விழுந்தபோது கேரளத்தில் இப்படித்தான் மரங்களை வெட்டித் தள்ளினார்கள். இன்றுவரை நாட்டின் தேவைக்குப் போதுமான கோகோ இங்கே விளையவில்லை, இறக்குமதிதான் செய்கிறார்கள். வேர்வாடல் நோயும் வெள்ளை ஈயும் தென்னையைப் பாடாய்ப் படுத்தும் இந்த நேரத்தில், இரண்டு ஏக்கர் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் எங்களில் பலருக்கு, தென்னை நிழலில் நிற்கும் அந்த ஊடுபயிர்தான் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். எங்கள் குழுவில் ஒரு மரமும் வெட்டப்படாது. கிளைகளைக் கழித்துவிடும் கவாத்து மட்டும் உண்டு.

இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறோம். தை பிறந்ததும், ஒளி ஊடுருவும் கூரை போட்டு, தரையிலிருந்து உயர்த்திய பரண்களோடு ஒரு பொது உலர்களம் கட்டப் போகிறோம். மழை வந்தாலும் உள்ளே நனையாது. கோகோ வராத மாதங்களில் மிளகாய், மல்லி, ஜாதிக்காய் என்று எவர் வேண்டுமானாலும் அங்கே காயவைத்துக்கொள்ளலாம். வாடகை கிடையாது. மின்விசிறி போட்டால் மின்கட்டணம் மட்டும் கொடுங்கள், ரசீது தருவோம்.