கூண்டு முதலாளிமாருக்கு: மீன் குஞ்சாக இருக்கும்போதே தடுப்பு மருந்து போடுங்கள்

பினாங்கு புலாவ் அமான் பக்கம் கடலில் கூண்டு கட்டிச் சியாக்காப் (கொடுவா) மீன் வளர்க்கும் முதலாளிமாருக்கு வணக்கம்.

உங்களில் ஒருவரிடம் பல வருடமாகத் தீனி போடுகிறவன் நான். எந்தக் கூண்டு என்று கேட்காதீர்கள், எனக்கு வேலை வேண்டும்.

போன வருடம் கொளுத்தும் வெயிலுக்கு நடுவே திடீரென மழை கொட்டியது. மறுவாரம் காலையில் போய்ப் பார்த்தால் நாலைந்து மீன் வலை ஓரமாகச் சாய்ந்து கிடந்தன. கண்ணில் பால் படர்ந்த மாதிரி வெள்ளை, வயிற்றோரம் செதில் உதிர்ந்து சிவந்த புண். ஆன்டிபயாட்டிக் தூளைத் தீனியில் பிசையச் சொன்னார் முதலாளி. பிசைந்து வீசினேன். துள்ளி வந்து தின்றதெல்லாம் நல்ல மீன். நோய் கண்ட மீன் முதலில் விடுவதே தீனியைத்தானே! அப்புறம் மருந்து யாருக்குப் போகிறது? பாதி தேவையில்லாத வயிற்றுக்கு, மீதி கடலுக்கு. அந்த வாரம் செத்த மீனை வாளி வாளியாக அள்ளினேன்.

தடுப்பு மருந்தை நோய்க்கு முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். சின்னக் குஞ்சென்றால் மருந்து கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்தால் போதும். கொஞ்சம் வளர்ந்ததும் ஊசி. ஒரு நாள் பட்டினி போட்டு, கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மயங்க விட்டு, ஈரத்துணியில் கிடத்தி வயிற்றில் 0.1 மில்லி. (கூண்டு முழுக்கப் பிரியாணி வாசம் வரும், பயப்படாதீர்கள்.) உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஏற இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். செர்டாங்கில் மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தார் திலாப்பியா மீனுக்குத் தீனியிலேயே கலந்து கொடுக்கும் தடுப்பு மருந்தைக்கூட ஆராய்ந்திருக்கிறார்கள்.

மீனுக்கு ஊசியா என்று சிரிக்கிறீர்கள். நார்வேயில் 1987-இல் வளர்ப்பு மீனுக்குக் கொட்டிய ஆன்டிபயாட்டிக் ஏறக்குறைய 50 டன். நல்ல தடுப்பூசி வந்தபின், 1990-களின் நடுவில் அது இரண்டு டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. மீன் உற்பத்தியோ பல மடங்கு கூடியது.

சரி, செலவு? கூலி இருக்கிறது, ஊசி போடும்போது சில மீன் சாகவும் சாகும். பாக்டீரியாவுக்குப் போடும் இந்தத் தடுப்பு மருந்து வைரஸ் நோய்க்குக் கேட்காது. கிருமி எதுவென்று தெரியாமல் வாங்கினால் பணம் தண்ணீரில்தான். அதனால்தான் செத்த மீனைக் கடலில் வீசாதீர்கள் என்கிறேன். சாகக் கிடக்கும் மீனைப் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கு அனுப்புங்கள். மீன்வள ஆய்வுக் கழகம் பினாங்குத் தீவில் பத்து மாவுங்கில்தானே இருக்கிறது, பினாங்கு இரண்டாவது பாலம் ஏறி இறங்கினால் வந்துவிடும். சின்னக் கூண்டுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து மருந்து வாங்கினால் சுமையும் குறையும். குஞ்சு விற்பவரிடம், தடுப்பு மருந்தில் முக்கி எடுத்த குஞ்சா என்று கேட்டுவிட்டே காசைக் கொடுங்கள்.

அடுத்த தடவை குஞ்சைக் கூண்டில் விடும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு பாலம் தாண்ட என் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. பெட்ரோல் காசு மட்டும் தந்தால் போதும்.

இப்படிக்கு,
தீனி போடுகிறவன்