முதலாண்டு ஓவிய வகுப்பு வீண் வேலை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், மும்பையின் கலைக்கூடங்கள் நிறைந்த காலா கோடாவில் நடந்த ஓவியக் கண்காட்சி பற்றி உங்கள் நிருபர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். படங்களைப் பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது: "முதலாண்டு மாணவர்களுக்குக் கோடு போடச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் மாட்டிக்கொண்டதால் இவருடைய பல ஆண்டுகள் வீணாயின." இதை அந்த ஓவியர் சொன்னதாகக் கட்டுரையில் இல்லை. நிருபர் தாமே கொடுத்த தீர்ப்பு. அதே வேலையை இந்த மும்பையில் இத்தனை காலம் செய்துவந்தவள் நான். படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

முதலாண்டு அடிப்படை வகுப்பில் என்ன நடக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. நிருபருக்காகச் சொல்கிறேன். ஒரு பித்தளைக் குடத்தை மேசைமேல் வைத்து வரையச் சொன்னால், புதிதாக வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வாயை நீள்வட்டமாகப் போடுவார்கள், அடியை நேர்கோடாக இழுத்துவிடுவார்கள். மேசை சமமானது, குடம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை வரைகிறார்கள். ஆனால் கண்ணுக்கு அந்த அடியும் வளைந்துதான் தெரிகிறது, அதுவும் வாயைவிடச் சற்று அதிகமாகவே வளைந்து. முகம் வரையச் சொன்னாலும் இதே கதைதான். கண்கள் தலையின் பாதி உயரத்தில் இருக்கின்றன, பிள்ளைகளோ அவற்றை நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள். நாற்காலியை வரையாதே, கால்களுக்கு நடுவில் உள்ள காலி இடங்களை மட்டும் வரை என்று சொன்னால் முதல் நாள் திகைத்துப்போவார்கள். பிறந்ததிலிருந்து பார்த்துவந்த பொருளை மறுபடியும் பார்க்க வைப்பதுதான் அந்த ஒரு வருடத்தின் வேலை. இதை நிருபர் கோடு போடுவது என்கிறார்.

தாராவியிலிருந்து ஒரு பையன் வந்தான். விடியற்காலையில் இட்லி அவித்துத் தெருத்தெருவாக விற்கும் குடும்பம். தினமும் கையாளும் இட்லிப் பானையை அவன் வரைந்தபோது, வாயின் இரண்டு ஓரமும் மீனின் வால்போலக் கூராக இருந்தன. நான் அவன் தாளில் கை வைக்கவில்லை. ஒரு பாத்திரத்தைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்தேன், வாய் வெறும் கோடாகிவிட்டது. மெல்லக் கீழே இறக்கினேன், வட்டம் திறந்துகொண்டே வந்தது, ஓரங்கள் எந்த இடத்திலும் முறியவில்லை. மறுநாள் அவன் வீட்டுப் பானையைத் தரையில் உட்கார்ந்து, நின்று, பரணில் ஏறி என்று விதவிதமாக வரைந்து கொண்டுவந்தான். நான் கேட்கவே இல்லை. அவன் இன்று அனிமேஷன் துறையில் இருக்கிறான். என்னுடைய வருடங்களில் எது வீணானது என்று உங்கள் நிருபர்தான் சொல்ல வேண்டும்.

மாணவன் தாளைத் தொடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதும் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஓவியராக இருக்கிற ஆசிரியருக்குக் கை பரபரக்கும். இரண்டு கோடு போட்டால் படம் சரியாகிவிடும், ஆனால் அது அவருடைய படமாகிவிடும். அதனால் ஓரத்திலோ தனித் தாளிலோ வரைந்து காட்டிவிட்டு விலகி நிற்க வேண்டும். தன் பாணியை அவ்வளவு நேரம் அடக்கிவைக்க, முதலில் தனக்கென்று ஒரு பாணி இருக்க வேண்டும்.

சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லாம் கலையில் தேறாதவர்கள் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 1919இல் ஜெர்மனியின் வைமரில் பௌஹௌஸ் என்ற கலைப்பள்ளி தொடங்கியபோது அடிப்படை வகுப்பை அமைத்தவர் யோஹான்னஸ் இட்டன், பின்னால் அதை எடுத்தவர்களில் ஒருவர் யோசெஃப் ஆல்பர்ஸ். பெரும் ஓவியர்களான பௌல் க்லேயும் காண்டின்ஸ்கியும் அங்கே புதிய மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவர்கள்தான். அவ்வளவு தூரம் போவானேன்? சென்னைக் கலைப்பள்ளியில் சிற்பி தனபாலும் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் வகுப்பெடுத்தார்கள். பணிக்கர் முதல்வராக இருந்தபோதுதான், 1966இல், மாணவர்களையும் சக கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை உருவாக்கினார். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்த ஓவியர் கே.ஜி. சுப்பிரமணியன் சாந்திநிகேதனில் பயின்று, பரோடா கலைக் கல்லூரியில் பல தலைமுறைகளுக்கு ஆசிரியராக இருந்தார், கல்லூரியின் கலைச் சந்தைக்காக மாணவர்களோடு உட்கார்ந்து பொம்மைகளும் செய்தார். அவர் 2016இல் மறைந்தபோது உங்கள் பக்கத்தில் வந்த குறிப்பில் விருதுகளின் பட்டியல் இருந்தது. ஆசிரியர் என்ற விஷயம் ஒரு வரிகூட இல்லை. அப்போதே எழுத நினைத்தேன்.

இன்னொன்றும் நெடுநாளாக மனதில் இருக்கிறது. மகாராஷ்டிர அரசின் எலிமெண்டரி, இண்டர்மீடியட் ஓவியத் தேர்வுகளைப் பற்றி நீங்கள் எழுதும்போதெல்லாம் பத்தாம் வகுப்பில் கிடைக்கும் கூடுதல் மதிப்பெண்ணைத்தான் சொல்கிறீர்கள். அதை நம்பி மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் நம் பெற்றோர்கள் பிள்ளைகளை டியூஷனில் சேர்க்கிறார்கள். நினைவிலிருந்து வரையும் தாளுக்கு அங்கே ஒரு சந்தை, ஒரு பஸ் நிறுத்தம், ஒரு பூங்கா என்று மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். எந்தத் தலைப்பு வந்தாலும் அதே குடைக்காரர், அதே பலூன்காரர். அந்த மனப்பாடத்தைக் கலைக்கவே முதலாண்டில் எங்களுக்கு மாதங்கள் போகின்றன. பள்ளியில் ஓவிய பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடுவது பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம் சம்பளம். நான் பணிபுரிந்த ஒரு கல்லூரியில் முதலாண்டு ஆசிரியர்கள் பெரும்பாலும் மணிக்கணக்குக் கூலிக்கு வருபவர்கள். தீபாவளி விடுமுறைக்கும் மே மாதத்துக்கும் பணம் கிடையாது. மாணவர்களின் தாள்கட்டுகளைத் திருத்தும் நேரம் கணக்கில் வராது. மாடலாக உட்காரும் பாட்டிக்குப் பணம் தாமதமாகும்போது நாங்களே கையிலிருந்து கொடுத்திருக்கிறோம். இத்தனைக்கும் பிறகு வீட்டுக்கு வந்து எங்கள் சொந்த ஓவியத்தையும் வரைந்தோம். உங்கள் நிருபர் பார்த்துப் பாராட்டிய படங்களும் அப்படி வந்தவையாகவே இருக்கும். அந்தக் கேன்வாஸ்களில் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே இருக்கும் சாம்பல் நிறங்களைப் புகழ்ந்திருக்கிறார். ஒரே சாம்பல் நிறம் கறுப்பின் மேல் வெளுப்பாகவும் வெள்ளையின் மேல் அழுத்தமாகவும் தெரியும் என்பதை வருடா வருடம் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருப்பவரின் கை அது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரிக்கு அடுத்த ஞாயிறு ஒரு சிறு திருத்தம் போடுங்கள். அதோடு, உங்கள் சிறுவர் பக்கத்தில் வாராவாரம் யானை, மயில் என்று வெளிக்கோடு வரைந்து 'வண்ணம் தீட்டுக' என்று போடுகிறீர்களே, மாதத்தில் ஒரு வாரமாவது அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, வீட்டில் இருக்கும் ஒரு பாத்திரத்தைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். தாளைப் பற்றிக் கவலை வேண்டாம். செய்தித்தாளில் 4பி என்ற மென்மையான பென்சில் நன்றாகவே ஏறும், முதலாண்டு வகுப்பில் நாங்கள் தொடங்குவதும் அச்சடிக்காத அதே தாளில்தான்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியை,
செம்பூர், மும்பை