உன் சைக்கிள் போடும் சத்தத்தைப் பற்றி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தீர்ந்து மறுபடி மலைப்பாதைக்குத் திரும்பிவிட்டாய் என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. புதிய கார்பன் ஃபிரேமைப் பற்றி ஒரு பக்கமும், அது போடும் சத்தத்தைப் பற்றி இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறாய். "கல் நிறைந்த இறக்கத்தில் தகர டப்பாவைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதுபோல் இருக்கிறது" என்ற வரியைப் படித்தபோது, நாம் இருவரும் முதன்முதலில் ஓட்டிய அந்த இரும்புச் சைக்கிள்கள்தான் காதில் கேட்டன. அப்போது அதைச் சகித்துக்கொண்டோம். இப்போது சகிக்க வேண்டியதில்லை. அதனால் இந்தக் கடிதத்தை அந்தச் சத்தத்துக்கே ஒதுக்கிவிட்டேன்.

முதலில் ஒரு கேள்வி. சத்தம் செயினிலிருந்துதான் வருகிறதா என்று பார்த்துவிட்டாயா? பின்சக்கரத்தை ஒரு சாண் உயரம் தூக்கித் தரையில் போட்டுப் பார். பிறகு இணைப்புக் கண்ணியைத் திறந்து செயினைக் கழற்றிவிட்டு, அதே உயரத்திலிருந்து மறுபடி போடு. இரண்டாவது முறை சைக்கிள் அமைதியாக விழுந்தால் குற்றவாளி செயின். அப்போதும் கடகடவென்றால் ஃபிரேமுக்குள் ஓடும் கேபிளோ, பிரேக் பேடோ, தளர்ந்த போல்ட்டோ இருக்கிறது என்று பொருள். இதைச் செய்யாமல் டேப்பைச் சுற்றாதே. சஸ்பென்ஷன் மூட்டில் ஒரு போல்ட் தளர்ந்து கத்திக்கொண்டிருக்கும்போது செயினுக்கு மெத்தை போட்டுக்கொண்டிருப்பது ஆபத்து.

செயின்தான் என்று தெரிந்தால், அது ஏன் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் வலப்பக்கக் குழாயை, அதுதான் செயின் ஸ்டே, செயின் மேலும் கீழுமாக வளைத்துக்கொண்டு ஓடுகிறது. சக்கரம் கல்லில் ஏறி இறங்கும்போது செயினில் அலை எழுகிறது. மேல் பகுதி குழாயின் தலையிலும், கீழ்ப் பகுதி அதன் வயிற்றிலும் அறைகிறது. குழாய் உள்ளே வெற்று. அடித்தால் பறைபோல் அதிர்கிறது. கார்பனில் இன்னும் உரக்கக் கேட்கும். சத்தத்தோடு நிற்பதில்லை, பெயின்ட் உதிர்ந்து, நாளடைவில் குழாயும் காயப்படுகிறது.

அந்த அலையை அடக்குவதற்கென்றே சைக்கிள் பாக நிறுவனமான ஷிமானோ 2011-இல் பின் டிரெய்லியரில், அதாவது செயினைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் மாற்றும் கருவியில், கிளட்ச் வைத்தது; அடுத்த ஆண்டே இன்னொரு நிறுவனமான ஸ்ராமும் வைத்தது. டிரெய்லியரின் நீண்ட கை பின்னோக்கி இழுக்கும்போது தடையில்லாமல் நகரும், முன்னோக்கித் துள்ளும்போது உராய்வு அதைப் பிடித்துக்கொள்ளும். உன்னுடையது ஷிமானோ என்று எழுதியிருக்கிறாய். அதன் பக்கவாட்டில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறதா, பார். பின்சக்கரத்தைக் கழற்றும்போது அதை அணைப்பது வழக்கம். மாட்டியபின் மறுபடி போட மறந்துவிடுவோம். சைக்கிளின் பாகங்களைப் பொருத்தித் தந்தவர்களும் மறந்திருக்கலாம். அது போட்டே இருந்தும் கையை முன்னோக்கித் தள்ளும்போது எதிர்ப்பே இல்லை என்றால் கிளட்ச் தளர்ந்திருக்கிறது. பல மாடல்களில் மூடியைத் திறந்து இறுக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது செயினின் நீளம். இதில்தான் பலர் தவறுகிறார்கள் என்பது என் எண்ணம், ஏனென்றால் நீளமான செயினும் ஓடத்தான் செய்கிறது. டிரெய்லியருக்குள் நுழைக்காமல் முன் பல்சக்கரத்தையும் பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரத்தையும் சுற்றிச் செயினைப் போட்டு, இரு முனைகளும் சந்திக்கும் இடத்தைக் குறித்துக்கொள். அதற்கு மேல் தயாரிப்பாளர் சொல்லும் எண்ணிக்கையில் கண்ணிகளைச் சேர்க்க வேண்டும். ஒரு கண்ணி 12.7 மி.மீ., அவ்வளவுதான் கணக்கு. ஆனால் உன் சைக்கிளில் பின் சஸ்பென்ஷன் இருக்கிறது. அது அமுங்கும்போது பின் அச்சு பெடல் அச்சிலிருந்து விலகிப் போகும், செயினுக்குக் கூடுதல் நீளம் தேவைப்படும். ஆகவே ஷாக்கில், அதாவது பின் சஸ்பென்ஷனின் அதிர்வுதாங்கியில், உள்ள காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, அமுக்கி வைத்து, மிக அதிகமாக விலகும் நிலையில் அளந்து பார். அளக்காமல் வெட்டினால் முதல் பெரிய குதிப்பிலேயே டிரெய்லியர் பிய்ந்துபோகும்.

ஓட்டும் விதமும் உண்டு. இறங்கும்போது மிகச் சிறிய பல்சக்கரத்தில் செயினை விட்டுவிடாதே. கேசட்டின், அதாவது பின் பல்சக்கர அடுக்கின், நடுவில் வைத்தால் செயின் இறுக்கமாகவும் குழாயிலிருந்து சற்று விலகியும் இருக்கும்.

இத்தனையும் செய்தபிறகும் கொஞ்சம் அடிக்கும். அதற்குத்தான் உறை. என் முதல் உறை உனக்கு நினைவிருக்கும். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி இறுக்கமாகச் சுற்றிய கறுப்பு ரப்பர். சத்தம் குறைந்தது, நானும் அதை மறந்துவிட்டேன். ஓராண்டு கழித்து உரித்தபோது, சுற்றுகளின் இடுக்குகளில் மணல் ஈரத்தோடு அப்பிக்கிடந்தது. பெயின்ட் அரத்தால் தேய்த்ததுபோல் மங்கிப்போயிருந்தது. ஓரிடத்தில் இரும்பே துருப்பிடித்து விரல் நகத்துக்கு உதிர்ந்தது. காப்பதற்காகப் போட்டது ஃபிரேமை அரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த வருத்தம் இன்னும் போகவில்லை. கார்பன் துருப்பிடிக்காது என்றாலும், மணல் அதையும் தேய்க்கும். அதனால் சுற்றிக் கட்டும் எதையும் இப்போது நான் போடுவதில்லை.

ஒட்டுவதுதான் நல்லது. மின்கம்பி இணைப்புகளில் ஈரம் புகாமல் மூடுவதற்காகச் செய்யப்பட்ட ரப்பர் மாஸ்டிக் டேப் ஒன்று இருக்கிறது, 3எம் 2228 என்று பெயர். தடிமன் 1.65 மி.மீ. களிமண்ணைப்போல் வளைவுக்கு ஏற்ப அமர்ந்து ஒட்டிக்கொள்ளும், செயின் அடித்தால் 'டக்' என்பதற்குப் பதில் அமுங்கிய 'தொம்' மட்டும்தான். ஹெலிகாப்டர் டேப் என்று சொல்கிறார்களே, அந்தத் தெளிவான பாலியூரித்தேன் படலம், அது கீறலிலிருந்து காக்கும், சத்தத்தைத் தடுக்காது. கேபிள் உரசும் இடங்களுக்கு அதை வைத்துக்கொள்.

எங்கே ஒட்டுவது என்பதைச் செயினே சொல்லும். குழாயின் மேலும் கீழும், மேலே போகும் சாய்ந்த குழாயின் அடியிலும், வெள்ளைக் காகித டேப்பை ஒட்டிக்கொண்டு உன் வழக்கமான இறக்கத்தில் ஒரு முறை இறங்கு. திரும்பி வந்து பார்த்தால், செயின் அடித்த இடமெல்லாம் எண்ணெய்க் கறுப்பில் கோடு கோடாகப் பதிந்திருக்கும். நான் செய்தபோது குழாயின் அடிப்பக்கத்தில் நான் நினைத்தே பார்க்காத இடத்தில் ஒரு கை நீளத்துக்குக் கறுப்பாக இருந்தது. அந்தக் கோட்டைவிட இரண்டு விரல் அதிகமாக வெட்டு, மூலைகளை வட்டமாக்கு. கூர்மூலைதான் முதலில் எழும்பும். ஃபிரேமை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, டேப்பை லேசாகச் சூடாக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்து. ஒட்டிய பிறகு பெடலைச் சுற்றிப் பார்க்க வேண்டும். முன் பல்சக்கரத்துக்கும் குழாய்க்கும் நடுவில் இடம் மிகக் குறைவு, அங்கே தடித்த டேப் பல்லில் உரசிவிடும்.

ஃபிரேமுக்குள் கேபிள் அடிப்பது தனிக் கதை. கேபிளின் மேல் நுரைக் குழாயை மாட்டி உள்ளே நுழைத்தால் அது அடங்கிவிடும். நுழைப்பது பொறுமைக்கு ஒரு சோதனை, ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கிக்கொள்.

சத்தம் அடங்கிய அன்று நான் முதலில் கேட்டது டயரின் குரலை. ஈர மண்ணில் ஒரு விதம், சரளையில் ஒரு விதம், பிடி நழுவும் நேரத்தில் மெல்லிய சீறல். அதற்கு முன் பத்தாண்டு ஓட்டியும் அதைக் கேட்டதில்லை. அடுத்த மாதமே ஒரு மூட்டு போல்ட் தளர்ந்தபோது, சிறு 'கிளிக்' கேட்டு நடு வழியில் இறங்கி இறுக்கினேன். உன்னை இவ்வளவு வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இங்கே செய்தி ஒன்றுதான். நம் காலத்து அந்த இரும்புச் சைக்கிள் இப்போது என் மகளுடையது. துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்து, டேப்பையும் அவளே ஒட்டினாள். என்னைவிட நேராக ஒட்டியிருக்கிறாள்.

மீதமிருந்த மாஸ்டிக் டேப்பை இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன், உன் ஃபிரேமுக்கு அது போதும். முதலில் கிளட்ச் நெம்புகோலைப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்