கேவியட் என்பது தடையாணை அன்று

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பங்காளிகளுக்குப் பொதுவான பூர்விக வீடு விலைபேசப்படும்போதெல்லாம், ‘கேவியட் போட்டாயிற்று, இனி யாரும் விற்க முடியாது’ என்ற பேச்சு காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அடிபடுகிறது. ‘அவர் எச்சரிக்கையாக இருக்கட்டும்’ என்று பொருள்படும் இந்த லத்தீன் சொல், ஆங்கில உரைநடையில் ஒரு கூற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் எச்சரிக்கையையோ வரம்பையோ குறிக்கும். நீதிமன்றத்திலோ, 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்த 148-ஏ பிரிவின்படி, எதிர்த்தரப்பு மனுச் செய்தால் தமக்கும் அறிவிப்புத் தர வேண்டும் என்று முன்கூட்டியே கோரும் மனு அது. அதற்கும் 90 நாள்தான் ஆயுள். விற்பனையைத் தடுக்கத் தடையாணை தனியே பெற வேண்டும். செய்திகளிலும் ‘கேவியட் பெற்றார்’ என்று அச்சிடாமல், ‘தாக்கல் செய்தார்’ என்றே எழுத வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர், காரைக்குடி