ரிப்போர்ட் வந்துவிட்டது

அன்புள்ள கண்ணம்மா,

ரிப்போர்ட் வந்துவிட்டது. கொலஸ்ட்ரால் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, சர்க்கரை இல்லை, அதே மாத்திரையைத் தொடரச் சொல்லிவிட்டார் டாக்டர். நீ கூப்பிட்டால் முதலில் கேட்பது இதுதான், நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் "சரிம்மா, வெச்சுடறேன்" வந்துவிடுகிறது. இவ்வளவு தூரத்தில் இருந்தும் என்னைக் கவனிக்கிறாய், அதில் எனக்குப் பெருமைதான், சித்தியிடம்கூடச் சொன்னேன். ஆனால் போன மாதம் மூன்று முறை பேசினோம், மூன்று முறையும் என் உடம்பைப் பற்றியேதான் பேசினோம்.

கல்யாணத்தைப் பற்றி இதில் கேட்க மாட்டேன். அப்பாவும் கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

அலமாரியை ஒழித்தபோது என் பழைய பாடக்குறிப்பு நோட்டு கிடைத்தது. ஆசிரியர் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு 22 வருஷம், உளவியலாளர் எரிக் எரிக்சன் சொன்ன மனுஷ வாழ்க்கையின் எட்டு நிலைகளை நடத்தியிருக்கிறேன். குழந்தையிலிருந்து பதின்வயது வரைக்குமான முதல் ஐந்துக்கும் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். அப்புறம் வருகிற மூன்றும், இளவயதில் நெருக்கமா தனிமையா, நடுவயதில் ஆக்கமா தேக்கமா, முதுமையில் நிறைவா விரக்தியா என்பது, ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது. தேர்வில் அதிகம் கேட்க மாட்டார்கள் என்று ஒரே பீரியடில் ஓட்டிவிடுவேன். மனுஷ வாழ்க்கையின் ஐம்பது அறுபது வருஷம் அந்த ஒரு பக்கத்தில் கிடக்கிறது. நீ ஆறாவது நிலையில் இருக்கிறாய், நான் ஏழாவதைத் தாண்டிக்கொண்டிருக்கிறேன்.

நெருக்கம் என்று அவர் சொன்னது கல்யாணத்தை மட்டும் இல்லை, நட்பும் அதில் சேரும். தான் யார் என்பதில் ஓரளவு தெளிவு இருப்பவரால்தான் இன்னொருவர் பக்கத்தில் பயமில்லாமல் போக முடியும், இல்லாவிட்டால் தான் கரைந்துபோய்விடுவோமோ என்று ஒதுங்கிவிடுவார்கள் என்பார். உனக்கு அந்தத் தெளிவு பள்ளிக்கூட நாளிலேயே இருந்தது. அதனால்தான் எனக்குப் புரியவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு உடம்பு முடியாமல் போனால் நீ யாரைக் கூப்பிடுவாய்? ஒரு பெயர் சொன்னால் போதும்.

ஹார்வர்டில் 1938இல் ஆரம்பித்து இன்னும் நடக்கிற ஒரு ஆய்வு இருக்கிறது, பையன்களாக இருந்தவர்களைக் கிழவர்களாகும் வரைக்கும் விடாமல் பின்தொடர்ந்தார்கள். 80 வயதில் யார் நன்றாக இருப்பார்கள் என்பதை, 50 வயதில் இருந்த கொலஸ்ட்ராலைவிட, அந்த வயதில் உறவுகளில் எவ்வளவு திருப்தியாக இருந்தார்கள் என்பதுதான் சரியாகக் காட்டியதாம். நீ என் கொலஸ்ட்ராலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. யாரிடமாவது பேசு கண்ணம்மா. என்னிடம்தான் என்றில்லை.

எனக்குப் பேச ஆள் குறைந்துவிட்டது என்று நீ வருத்தப்பட்டாய். இருக்கிற காலம் கொஞ்சம்தான் என்று தெரியும்போது மனசுக்கு வேண்டியவர்களை மட்டும் வைத்துக்கொள்வது இயல்பு என்று லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் சொல்கிறார். எனக்கு அது சரியாகப் பொருந்துகிறது, நான் ஏங்கவில்லை. ஆனால் 33 வயதில் ஆள் குறைவது வேறு.

பாட்டி இப்போது ராத்திரியில் சுவரில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டேதான் நடக்கிறாள். வாசற்படி வந்ததும் சுவர் முடிந்துவிடுகிறது அல்லவா, அங்கே நின்றுவிடுகிறாள், அடுத்த காலை வைக்க முடியவில்லை, நான் கையை நீட்டினால் யார் கை என்று பார்த்துவிட்டுத்தான் பிடிக்கிறாள். எரிக்சன் 1994இல் போன பிறகு அவர் மனைவி ஜோன் ஒன்பதாவது நிலை ஒன்றை எழுதினார், அப்போது அவருக்கே தொண்ணூறைத் தாண்டியிருந்தது. தீர்ந்ததாக நினைத்த பழைய போராட்டங்கள் எல்லாம் அந்த வயதில் திரும்பி வரும், குழந்தையின் முதல் போராட்டமான நம்பிக்கையும் சேர்த்து. தன் காலையே நம்ப முடியாமல் பாட்டி நிற்கும்போது இது எனக்குப் புரிகிறது.

புரிந்து என்ன. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையோடு நீ வீட்டுக்கு வந்த ராத்திரி, என் அறைக் கதவருகே நின்று அதன் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாய். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "இந்தக் கட்டை முடிச்சுட்டு வரேன், போய்ப் படு" என்றேன். பதினோரு தாள் பாக்கி இருந்தது. முடித்துவிட்டு வந்தபோது உன் அறையில் விளக்கு இல்லை. நீ தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும், மூச்சைக் கேட்டாலே எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். காலையில் "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டேன். நீயாகச் சொல்வாய் என்று ஏழு வருஷமாகக் காத்திருக்கிறேன். அதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது பயம். கேட்டால் நீ சொல்லிவிடுவாய், அதைத் தாங்க என்னால் முடியுமா என்ற பயம். கேட்க வேண்டியதை விட்டுவிட்டு உடம்பை விசாரிக்கிற பழக்கம் உனக்கு என்னிடமிருந்துதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. ஆறரைக்கு மேல், அப்பா நடக்கப் போயிருப்பார். மாத்திரை சாப்பிட்டிருப்பேன்.

அம்மா