உயரமானவர்கள் விமானத்தை வாங்கும் முன் உட்கார்ந்து பார்க்க வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு கேள்வி-பதில் பகுதியில், அமெரிக்காவில் விமானம் ஓட்ட உரிமம் பெற்ற தம்பி ஒருவர், தான் ஆறடி மூன்றங்குலம் என்றும், கையில் அதிகப் பணம் இல்லை என்றும், வால்சக்கர விமானம் (இரண்டு பெரிய சக்கரம் முன்னாலும், சிறு சக்கரம் ஒன்று வாலடியிலும் உள்ள வகை) எதை வாங்கலாம் என்றும் கேட்டிருந்தார். பைப்பர் ஜே-3 கப் வாங்கச் சொல்லிப் பதில் வந்திருந்தது. நான் ஆறடி நாலங்குலம். ஒஹாயோ மாநிலம் டேட்டன் பக்கம் பதினோரு வருடமாக வால்சக்கர விமானம் ஓட்டுகிறேன். தம்பி அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

கப் நல்ல விமானம்தான். 1938 முதல் 1947 வரை ஏறக்குறைய 20,000 விமானங்கள் செய்தார்கள். அந்த மஞ்சள் நிறத்தில் மயங்காதவர் குறைவு. இன்றைய விலையில் அந்த மயக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் தனியாகப் பறக்கும்போது அதைப் பின் இருக்கையிலிருந்துதான் ஓட்ட வேண்டும். முன்னால் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் பாதையும் மறையும், மீட்டர்களும் மறையும். நாம் முன்னால் போகலாம் என்றால் நெட்டையான ஆளுக்குக் காலை வைக்க இடமில்லை.

என் முதல் விமானம் வேறு. 1946-இல் செய்த, இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வகை. பெயர் வேண்டாம், அதை நன்றாக ஓட்டும் பலரை எனக்குத் தெரியும். நண்பருடன் பாதிப் பங்கு போட்டு வாங்கினேன். என்ஜினை மெக்கானிக்கிடம் காட்டினேன், பழைய பதிவேடுகளை வரி வரியாகப் படித்தேன். இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. மூன்றாவது வாரம் இடப்பக்கக் காற்றில் இறங்கினேன். இடது இறக்கையை அமுக்கிப் பிடிக்க ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுதாகத் திருப்ப வேண்டும். அது பாதியிலேயே என் முழங்காலில் இடித்து நின்றுவிட்டது. இறக்கை தூக்கியது, மூக்கு காற்றின் பக்கம் திரும்பியது, விமானம் தரையிலேயே சுழன்று வலது இறக்கை முனை புல்லில் உரசியது. யாருக்கும் காயமில்லை. பழுதுபார்த்து, என் பங்கை விற்றுவிட்டேன்.

வால்சக்கர விமானத்தில் எடையின் மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிளைப் பின்பக்கமாக வேகமாகத் தள்ளினால் கைப்பிடி மடங்கித் திரும்பிக்கொள்ளும் அல்லவா, ஓடும் விமானத்தின் வாலும் அப்படித்தான் முன்னால் வரப் பார்க்கும். அதை அடக்கக் கையும் காலும் கடைசி அங்குலம் வரை நகர வேண்டும்.

அதனால் தம்பி, விலை பேசும் முன் உட்கார்ந்து பாருங்கள். ஹெட்செட் மாட்டி, பெல்ட் இறுக்கி, பறக்கும்போது போடும் அதே ஷூவுடன். ஸ்டிக்கை, அதாவது பல விமானங்களில் ஸ்டியரிங்குக்குப் பதிலாகக் கால்களுக்கு நடுவே நிற்கும் தடியை, இடம், வலம், வயிறு வரை பின்னால் என்று முழுதாக நகர்த்துங்கள். மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரடர் பெடல்களில் ஒன்றைக் கடைசி வரை மிதித்து, அந்த நிலையிலேயே ஸ்டிக்கை மீண்டும் இருபுறமும் தள்ளுங்கள், ஏனென்றால் எதிர் முழங்கால் மேலே வருவது அப்போதுதான். பழைய விமானங்கள் பலவற்றில் பிரேக் குதிகாலுக்கு அடியில் இருக்கும். பெரிய பாதம் அதைத் தேடாமல் கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பக்கவாட்டில் திரும்புங்கள். கண்ணுக்கு நேரே இறக்கையின் அடிப்பகுதிதான் தெரிகிறது என்றால், ஒவ்வொரு முறையும் குனிந்துதான் வெளியே பார்க்க வேண்டியிருக்கும். தோள் பெல்ட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இடுப்பு பெல்ட் மட்டும் என்றால் நம் போன்றவர்களின் தலை முன்னால் வெகுதூரம் போய் இடிக்கும்.

இந்தச் சோதனையில் எனக்குப் பொருந்தியது ஏரோங்கா 7ஏசி சாம்ப். எங்கள் ஊருக்குத் தெற்கே மிடில்டவுனில் செய்தது, 65 குதிரைத்திறன். தனியாகப் பறந்தாலும் முன் இருக்கைதான், மூக்குக்கு மேல் பாதை நன்றாகத் தெரியும். கப்புக்குக் கேட்கும் விலையைவிடக் கணிசமாகக் குறைவு.

சரி, இடம் கிடைத்தது, எடை? சாம்ப் மொத்தம் 1,220 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. என்னுடையது காலியாக 790. மீதி 430. டேங்க் நிறைய 13 கேலன் பெட்ரோல் 78 பவுண்டு, நான் 215. மிச்சம் 137 பவுண்டு, அதாவது 62 கிலோ. என் மனைவி வரலாம். 190 பவுண்டு உள்ள என் பயிற்றுநர் ஏறினால் பெட்ரோலுக்கு மிஞ்சுவது நாலு கேலன். அதை வைத்துக்கொண்டு பாடம் நடத்த முடியாது. வால்சக்கரத்துக்குப் பயிற்றுநரின் தனிக் கையெழுத்து இங்கே கட்டாயம் என்பதால், தம்பி அந்தப் பயிற்சியை வாடகை சிட்டாப்ரியா விமானத்தில் முடிப்பது நல்லது. சாம்பின் வழியில் வந்த அந்த விமானத்தில் 7ஈசிஏ மாடலின் வரம்பு 1,650 பவுண்டு. இருவரும் கனமானவர்கள் என்றால் கொஞ்சம் கூடச் சேமித்து அதையே வாங்கலாம். பழையவற்றில் இறக்கைக்குள் மரச்சட்டம் இருக்கும். அதில் விரிசல் இல்லை என்று பார்த்துச் சொல்ல, அந்த வகையை அறிந்த மெக்கானிக் வேண்டும்.

குழந்தைகளையும் ஏற்ற நினைத்தால் நாலு இருக்கை ஸ்டின்சன் 108 தாராளமானது. ஆனால் அதன் ஃபிராங்க்ளின் என்ஜினுக்கு உதிரிபாகம் தேடி அலைய வேண்டும், பெட்ரோலும் சாம்பைப்போல இரண்டு மடங்கு குடிக்கும்.

தம்பி டேட்டன் பக்கம் வந்தால் என் சாம்பில் உட்கார்ந்து பார்க்கட்டும். என் முகவரியை நீங்கள் அவருக்குத் தர எனக்கு முழுச் சம்மதம். அந்த ஷூவைக் கொண்டுவர மறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
டேட்டன், ஒஹாயோ